வித்தையா, காதா? சோஷியல் சால்சா பற்றி ஒரு நீண்ட இழை

மார்ச் 2, ஒரு வாசகரின் கேள்வி

"சால்சா ஜோடி நடனம் கற்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. டர்ன் பேட்டர்ன் (கோத்து வைத்த திருப்ப வரிசை) கைவசம் ஏராளம். ஆனாலும் 'உனக்கு மியூசிக்காலிட்டி இல்லை, பாட்டைக் கேட்டு ஆடவில்லை' என்று பழைய ஆட்கள் குத்திக்காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாரும் கூடி ஆடும் சோஷியலில் எல்லார் கண்ணும் போவது மூன்று ஸ்பின் விட்டு, கூட ஆடுபவரைப் பின்னால் சாய்க்கும் டிப்பில் முடிக்கிறவர் மேல்தான். மியூசிக்காலிட்டி என்பதே பேட்டர்ன் வராதவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இல்லையா?"

மார்ச் 2, இரவு

பாதி சரி. பேட்டர்ன் வராமல் அந்த வார்த்தைக்குள் ஒளிந்துகொள்பவர்கள் உண்டு. நானே பெயர் சொல்லாமல் நாலு பேரைக் காட்டுவேன்.

ஆனால் "எல்லார் கண்ணும்" என்றீர்களே, அது யார் கண்? உட்கார்ந்திருப்பவர்கள் கண். உங்களோடு ஆடுபவர் உங்களைப் பார்ப்பதே குறைவு. ஸ்பின்னில் இருக்கும்போது அவருக்குத் தெரிவது சுவரும் விளக்கும்தான். நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று அவருக்குச் சொல்வது உங்கள் கை. அந்தக் கை பாட்டைக் கேட்கிறதா, அடுத்த பேட்டர்னை யோசிக்கிறதா என்பது முதல் நிமிடத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. பாட்டு நிமிடத்துக்கு 180 தாள அடி வேகம் என்று வைத்துக்கொள்வோம். நாலரை நிமிடப் பாட்டில் 810 அடி. ஆடுகிறவர்கள் எண்ணுவதுபோல் எட்டெட்டாகப் பிரித்தால் சுமார் நூறு எட்டு. ஒரு எட்டு முடிய மூன்று வினாடிகூட ஆகாது. உங்கள் பேட்டர்ன் ஒவ்வொன்றும் நான்கு எட்டு என்றால் ஒரு பாட்டுக்கு இருபத்தைந்து பேட்டர்ன் போதும். அதை வரிசையாக அடுக்கிவிடலாம், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். பாட்டு மாறினாலும் வரிசை மாறாது. நடுவில் பாட்டை நிறுத்திவிட்டாலும் ஆட்டம் அதே போக்கில் ஓடும் என்றால், அந்தப் பாட்டுக்கு அங்கே என்ன வேலை?

மார்ச் 3

நான் ஸ்பின்னுக்கு எதிரி என்று அதற்குள் முடிவு கட்டிவிட்டார்கள். இல்லை. பித்தளைக் குழல்கள் எல்லாம் ஒன்றாக ஏறி உச்சியில் நிற்கிற இடத்தில் விடும் இரண்டு ஸ்பின் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதே இரண்டு ஸ்பின்னைப் பாடகர் முதல் வரியை மெதுவாக எடுக்கும்போது விட்டால் எரிச்சலாக வரும். ஸ்பின் ஒன்றேதான், விழுந்த இடம் வேறு.

மார்ச் 5

"சரி, எதைக் கேட்பது?" என்று கேட்டவருக்கு. இது கொஞ்சம் நீளும்.

முதலில் கோங்கா, கையால் தட்டும் உயரமான முரசு. அதன் அடிப்படை வாசிப்பில் ஒவ்வொரு நான்கு அடியிலும் இரண்டாவதில் 'பட்'டென்று ஓர் அறை விழும். நான்காவதில் இரண்டு திறந்த அடி, 'தும்-தும்'. ஆடுகிறவர் எட்டு எண்ணினால் அறை 2, 6இல் விழும். தும்-தும் 4, 8இல். அதாவது நாம் கால் வைக்காமல் விடும் அந்த 4லும் 8லும்தான் கோங்கா அதிகமாகப் பேசுகிறது. கால் சும்மா இருக்கும் நேரத்தில் காதுக்கு வேலை.

அடுத்து பேஸ், கீழ்ச்சுரங்களை வாசிக்கும் கருவி. புதியவர்களைக் குழப்புவது இதுதான். சால்சாவில் பேஸ் பெரும்பாலும் ஒன்றாம் அடியில் விழாது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு சுரம், நான்கில் ஒரு சுரம். நான்கில் வருவது அடுத்த சுற்றின் சுரத்தை முன்கூட்டியே பிடித்துவிடும். 'ஒன்று' எங்கே என்று பேஸில் தேடினால் தொலைந்தீர்கள்.

அப்புறம் மணி. பாட்டின் பின்பாதியில், கோரஸும் பாடகரும் மாறி மாறிப் பாடும் மோன்ட்டூனோ பகுதி வந்ததும், பாங்கோ என்னும் இரட்டைச் சிறு முரசை வாசிப்பவர் அதை வைத்துவிட்டு ஒரு பெரிய கைமணியை எடுப்பார். அதன் கனத்த ஒலி 1, 3, 5, 7இல் விழும். அதுவரை அடக்கி வாசித்த பாட்டு அங்கே சட்டென்று அகலமாகும். அந்த மணி தொடங்கும் இடம் உங்களுக்குத் தெரிந்தாலே, மியூசிக்காலிட்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போனவர்களில் பாதிப் பேரைத் தாண்டிவிட்டீர்கள்.

கிளாவேயைக் கடைசிக்கு வைத்தது வேண்டுமென்றேதான். எல்லாரும் அதில் தொடங்கச் சொல்கிறார்கள். இரண்டு கட்டைகளைத் தட்டும் ஐந்து அடி, எட்டு எண்ணிக்கைக்குள் 3-2 என்றோ 2-3 என்றோ பிரிந்து நிற்கும். பல பாட்டுகளில் அந்தக் கட்டை ஒலிக்கவே ஒலிக்காது. மற்ற கருவிகள் எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டு வாசிக்கும். ஒலிக்காத ஒன்றைக் கேட்கச் சொல்லிப் புதியவரை உட்காரவைப்பது வதை.

மார்ச் 5, பிற்சேர்க்கை

"ஆதி தாளமும் எட்டுதானே, நமக்கு இது சுலபமாக வரவேண்டுமே" என்று ஒருவர். எண்ணிக்கை ஒன்று என்பதோடு ஒற்றுமை முடிந்துவிடுகிறது. முதலில், இந்த எட்டு ஆடுகிறவர்களின் எட்டு. வாசிப்பவர்களுக்கு அது இரண்டு நான்கு. தவிர, தாளம் போட்டுப் பழகிய கை ஒன்றாம் அடியில் தட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும். இங்கே பேஸ் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போய்விடுகிறது. தாளம் தெரிந்தவர்கள் முதல் சில வாரம் மற்றவர்களைவிட அதிகமாகத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு வேகமாக முன்னேறுகிறார்கள், அதையும் சொல்லவேண்டும்.

மார்ச் 6

இல்லை, காலால் 4இல் 'தும்-தும்' தட்டிக் காட்டவேண்டியதில்லை. கோங்கா வாசிக்கத்தான் அங்கே சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 9

ஒரு ஃபாலோவர், அதாவது ஜோடியில் லீடர் நடத்த அதன்படி ஆடுபவர், எழுதியதை அப்படியே தருகிறேன் (பிரேக் என்பது பாட்டு சட்டென்று நிற்கும் இடம்): "பேட்டர்ன் ஆளைவிட எனக்குப் பயம் 'மியூசிக்கல்' ஆளிடம்தான். பாட்டில் பிரேக் வரும் ஒவ்வொரு இடத்திலும் அவர் சிலையாக நின்றுவிடுவார். அது வரப்போகிறது என்று எனக்கு யார் சொன்னது? நான் ஒற்றைக் காலில் பாதித் திருப்பத்தில் இருப்பேன். அவர் கையைத் தூக்கி முகத்தைத் திருப்பி அழகாக நிற்பார்."

இதைப் படித்ததிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. மார்ச் 2இல் நான் எழுதியது ஏதோ வித்தை ஒரு கட்சி, காது ஒரு கட்சி என்பதுபோல் இருக்கிறது. இவர் சொல்லும் ஆளுக்குக் காது இருக்கிறது; பாட்டு மனப்பாடம். ஆனால் அவர் செய்வதும் வித்தைதான். மூன்று ஸ்பின்னுக்குப் பதில் மூன்று நிறுத்தம். பார்ப்பவர்களுக்குத்தான் ஆடுகிறார், கூட ஆடுபவருக்கு அல்ல.

எனவே கேள்வியையே கொஞ்சம் நகர்த்துகிறேன். லீடர் பாட்டைக் கேட்கிறாரா என்பது பாதிதான். லீடர் செய்கிற காரியம் ஃபாலோவருக்குப் பாட்டைக் கேட்க நேரம் விடுகிறதா? சோஷியலில் மியூசிக்காலிட்டியை இதை வைத்துத்தான் பார்ப்பேன். ஒருவருக்கு மட்டும் கேட்கிற பாட்டுக்கு இரண்டு பேர் எதற்கு?

நேரம் விடுவது எப்படி இருக்கும் என்றால், என் கண்ணால் பார்த்த ஒன்று. வயதான ஒருவர், காலில் பெரிய வேகம் கிடையாது. மோன்ட்டூனோவில் மணி விழத் தொடங்கியதும் ஃபாலோவரைத் தன்னைக் கடந்து எதிர்ப்பக்கம் அனுப்பும் கிராஸ் பாடி லீடைச் செய்துகொண்டிருந்தார். அதை முடித்து, நேருக்கு நேர் வந்ததும், விரல்களைத் தளர்த்தினார். விடவில்லை, கொக்கிபோல் மாட்டியிருந்த விரல் நுனிகள் தட்டையாகி, அந்தப் பெண்ணின் கை அவர் கைமேல் சும்மா கிடந்தது. அடிப்படை அடியையும் பாதியாகச் சுருக்கிக்கொண்டார். அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. கோரஸ் பாடும் நேரம் முழுக்கத் தோளிலும் காலிலும் அவர் இஷ்டத்துக்கு விளையாடினார். பாடகரின் முறை திரும்பவும் வந்தபோது பெரியவரின் விரல் மறுபடி மெல்ல மடங்கியது. தளத்தில் யாரும் இதைப் பார்க்கவில்லை. வீடியோ எடுத்தாலும் ஒன்றும் தெரியாது.

மார்ச் 10

ஃபாலோவர் தானே இடம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்கள். தாராளமாக. லீடர் அடுத்த திருப்பத்துக்குக் கையைத் தூக்கும் நொடியில் எடுத்தால் மோதல். கை தளர்ந்திருக்கும்போது எடுத்தால் உரையாடல். அடியை முழுதாக முடித்து, எடையைச் சரியான காலில் வைத்துத் திரும்பி வருகிற வரை, நடுவில் என்ன செய்தாலும் லீடருக்குச் சந்தோஷம்தான் இருக்கவேண்டும். "என் லீடைக் கெடுத்துவிட்டார்" என்று முகம் சுளிக்கும் லீடர்களுக்கு நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை.

மார்ச் 12

இழை தடம் மாறிப் போகிறது, போகட்டும். "நிற்பது ஆட்டமே இல்லை" என்று ஒருவர் அடித்துப் பேசியிருக்கிறார். அவருக்கு டான்சோனைப் பற்றிச் சொல்லவேண்டும். கியூபாவின் மத்தான்சாஸ் நகரில் 1879இல் மிகேல் ஃபைல்தே அரங்கேற்றிய இசை வடிவம். அதில் தொடக்கப் பகுதி நடுநடுவே திரும்பி வரும். அது வரும்போதெல்லாம் ஜோடிகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நிற்பார்கள், விசிறிக்கொள்வார்கள், பேசிக்கொள்வார்கள். அடுத்த பகுதி தொடங்கியதும் சேர்ந்து ஆட்டத்துக்குள் நுழைவார்கள். நிற்கும் இடம் இசையிலேயே இருந்தது, எல்லாருக்கும் தெரிந்தும் இருந்தது. ஒற்றைக் காலில் யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. மார்ச் 9இல் புகார் சொன்ன ஃபாலோவருக்கு இது பிடிக்கும்.

அதே வழியில் வந்த இன்னொன்று. 1950களின் தொடக்கத்தில் ஹவானாவில் ஒர்கேஸ்த்தா அமெரிக்கா குழுவில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தவர் என்ரிக்கே ஹொரின். இசையின் சிக்கலான இடங்களில் ஆடுகிறவர்கள் தடுமாறுவதைக் கவனித்து, அடி தெளிவாகத் தெரியும்படி மெட்டை எளிதாக்கி எழுதினார். சாச்சாச்சா அப்படித்தான் வந்தது. தரையில் கால்கள் உரசிய ஓசைதான் பெயராயிற்று என்பார்கள். ஆடுகிறவர் இசையைக் கேட்கவேண்டும் என்று நாம் மூச்சு விடாமல் பேசுகிறோம். அங்கே இசைக்காரர் ஆடுகிறவரின் காலைக் கேட்டிருக்கிறார்.

மார்ச் 15

திசை மாற்றுவது ஒன்றாம் அடியிலா இரண்டாம் அடியிலா என்ற ஆன் ஒன், ஆன் டூ சண்டைக்குள் இழுக்கிறார்கள். வரமாட்டேன். ஒன்று மட்டும். நியூயார்க் பாணி ஆன் டூவில் திசை மாறும் அடி 2, 6இல் விழும். கோங்காவின் அறையும் அங்கேதான். அதனால் "ஆன் டூ ஆடினால் தானாக மியூசிக்கல்" என்று விற்கிறார்கள். தானாக எதுவும் வராது. கோங்காவைக் கேட்காமலே 2இல் திசை மாற்றலாம், மனத்துக்குள் எண்ணிக்கொண்டு. அப்படி எண்ணுகிறவர்களைத் தெரிந்துகொள்வது சுலபம், உதடு அசையும்.

மார்ச் 15, சற்று நேரம் கழித்து

"வித்தை எல்லாம் வீடியோ காலத்து வியாதி, பழைய தலைமுறை பாட்டுக்கு மட்டும் ஆடியது" என்ற பெருமூச்சுக்கும் ஒரு வார்த்தை. நியூயார்க்கின் பல்லேடியம் பால்ரூம் 1966இல் மூடப்படும் வரை, சால்சாவுக்கு முந்தைய மேம்போ நடனத்தின் தலைமையிடம். மச்சீட்டோ, டீட்டோ புவெந்தே, டீட்டோ ரொத்ரீகெஸ் என்று மூன்று பெரிய குழுக்கள் மாறி மாறி வாசித்தன. அங்கே புதன்கிழமைகளில் போட்டியும் காட்சி ஆட்டமும் நடக்கும். கியூபன் பீட்டும் மில்லி டோனேயும் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துக் கூட்டம் வாய்பிளந்தது. வித்தை அன்றும் இருந்தது, அமோகமாக. ஆனால் அதற்கு என்று ஒரு நேரம் இருந்தது, கூட்டம் விலகி வட்டம் விட்டது. நெரிசலான தளத்தில் நடுவில் நின்று ஒவ்வொரு பாட்டையும் புதன்கிழமையாக்குகிறவரைப் பற்றித்தான் என் புகார்.

மார்ச் 18

பாச்சாட்டா என்னும் இன்னொரு ஜோடி நடனத்துக்கும் இது பொருந்துமா? இன்னும் கூடுதலாகப் பொருந்தும், ஏனென்றால் பாட்டின் பகுதிகள் அங்கே வெளிப்படையாகத் தெரிகின்றன. டொமினிக்கன் குடியரசில் 1962இல் ஹொசே மனுவேல் கால்தெரோன் செய்த பதிவிலிருந்துதான் பாச்சாட்டாவின் பதிவு வரலாற்றைத் தொடங்குவார்கள். இன்றைக்குக் குழுவின் எலும்பு இது: முன்னால் ஒரு கிட்டார், பின்னால் ஒரு கிட்டார், பேஸ், பாங்கோ, உலோகத்தில் சுரண்டும் குய்ரா. பாடகர் கதை சொல்லும் இடத்தில் தெரேச்சோ, ஒழுங்காக ஓடும். கோரஸில் பெரும்பாலும் மஹாவோ, அடி கனமாகி நேராக நிற்கும். கிட்டார் தனியாகப் பாய்கிற இடம் மேம்போ (பல்லேடியத்து நடனம் அல்ல, பகுதியின் பெயர்). மூன்றும் மாறும்போது குய்ராவும் பாங்கோவும் சொல்லிவிட்டுத்தான் மாறும்.

ஸ்பெயினில் வளர்ந்த சென்சுவல் பாணியின் உடல் அலைகளை நான் குறை சொல்லவில்லை. மெதுவான பாட்டில், குரல் நீளும் இடத்தில் அந்த அலை கச்சிதமாக உட்காரும். ஆனால் கிட்டார் மேம்போவில் தீப்பொறி பறக்க வாசித்துக்கொண்டிருக்க, நடுத்தளத்தில் ஒரு ஜோடி நெஞ்சிலிருந்து இடுப்புக்கு நிதானமாக அலை இறக்கிக்கொண்டிருக்கும். காலுக்கு வேலை இருக்கிற இடம் அது. அவ்வளவு நல்ல கிட்டாரை வீணாக்க மனசு வரக்கூடாது.

மார்ச் 21

டிப் பற்றித் தனியாக எழுதச் சொல்லி இரண்டு பேர். சுருக்கமாக முடிக்கிறேன். கூட ஆடுபவர் யார், அவர் முதுகு எப்படி என்று தெரியாதபோது டிப் வேண்டாம். பின்னால் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் வேண்டாம். தன் எடையைத் தானே தாங்கும்படி அவர் காலில் நிற்கவேண்டும். உங்கள் கையில் தொங்கக்கூடாது. கழுத்தை ஒருபோதும் கையால் தள்ளாதீர்கள். "அவர் சிரித்தாரே" என்பது சம்மதம் அல்ல, பயத்திலும் சிரிப்பார்கள்.

மார்ச் 27

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ஒரு பாட்டு முழுக்கப் பேட்டர்ன் இல்லாமல் ஆடிப் பார்த்தாராம், "இரண்டு பேருக்கும் சலித்துவிட்டது" என்கிறார். நேர்மையான ஆள்.

பேட்டர்னை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றையும் வைக்காவிட்டால் சலிக்கத்தான் செய்யும். அடிப்படை அடியிலேயே மாற்றுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. அடியின் நீளத்தை மாற்றலாம்: பாடகர் தனியாகப் பாடும்போது சின்ன அடி, குழல்கள் நுழைந்ததும் பெரிய அடி. பிடியை மாற்றலாம்: நெருக்கம், ஒற்றைக் கை, கையே இல்லாமல். வேகம் ஒன்றாகவே இருக்க, எடையை முன்னதாகவோ கொஞ்சம் தாமதமாகவோ வைக்கலாம். மூன்றாவதுதான் கஷ்டம், நல்ல லீடர்களை எனக்கு அடையாளம் காட்டுவதும் அதுதான்.

இன்னொன்று, பேட்டர்னை முழுசாகத் தூக்கி எறியச் சொன்னது நான் அல்ல, வேறு யாரோ. நான் சொல்வது அதை உடைத்துப் பழகுங்கள் என்று. நான்கு எட்டுப் பேட்டர்ன் என்றால் ஒவ்வொரு எட்டின் முடிவிலும் வெளியே வர ஒரு வழி கண்டுபிடியுங்கள். இரண்டாவது எட்டில் கை தலைக்கு மேல் இருக்கும்போது பாட்டு திடீரென்று அடங்கினால், அந்தக் கையை அப்படியே இறக்கி அடிப்படை அடிக்கு வர முடிகிறதா? முடிந்தால் அது உங்கள் பேட்டர்ன். முடியாவிட்டால் இன்னும் ஒர்க்‌ஷாப்காரருடையது.

பிரேக்கை எப்படி முன்கூட்டியே தெரிந்துகொள்வது என்றும் கேட்டிருக்கிறார். பாட்டின் பத்திகள் பெரும்பாலும் நான்கு எட்டாக நகரும். மாற்றம் எதுவானாலும் அந்த விளிம்பில் வர வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பழைய கியூபப் பாட்டுகள் இந்தக் கணக்கை மதிப்பதில்லை.

மார்ச் 30

லைவ் பேண்ட் இருக்கும் இரவுகளுக்கு என்ன செய்வது என்பது கடைசியாக வந்த கேள்வி. நல்ல கேள்வி, ஏனென்றால் மனப்பாடம் அங்கே செல்லாது. பதிவில் எட்டுச் சுற்று வந்த கோரஸை மேடையில் முப்பது சுற்று இழுப்பார்கள், பாடகருக்கு உற்சாகம் வந்தால். பிரேக்குக்காகக் காத்திருந்து முந்திக்கொண்டு நிற்கிறவர்களை அன்றைக்குப் பார்க்கலாம். பேண்ட் அதுபாட்டுக்கு வாசித்துக்கொண்டே போகும்.

பேண்ட் தலைவரின் கையைப் பார்க்க முடிந்தால் பாருங்கள், கோரஸை எப்போது முடிப்பது, குழல்களை எப்போது விடுவது என்று அவர் கையால்தான் சொல்வார். கூட்டம் மறைத்தால், குச்சியால் தட்டும் முரசான டைம்பாலேயைக் கேளுங்கள். பகுதி மாறப்போகிறது என்றால் அதில் சடசடவென்று ஒரு சின்ன உருட்டல் வந்து அடுத்த பகுதியின் வாசலில் விழும். அந்த உருட்டல் காதில் பட்டதும் கையில் இருக்கிற பேட்டர்னை முடித்துக்கொள்ளுங்கள், புதிதாக எதையும் தொடங்காதீர்கள்.